மலை ஏறாத ஞாயிறுகள்

அத்தியாயம் 11

"இன்னைக்கு நானும் வரேன்" என்றார் லோகு.

வெண்ணிலா தோசைக் கரண்டியோடு அப்படியே திரும்பினாள். குளித்து முடித்து, நெற்றியில் பளிச்சென்று நாமம் இட்டு, வெள்ளை வேட்டி சட்டையில் அவள் புருஷன் ஹாலின் நடுவில் நின்றிருந்தார்.

"எங்கங்க?"

"இன்னா எங்க? மலைக்குத்தான். புரட்டாசி சனிக்கெழம. நீ மட்டும் வாரா வாரம் ஏறி எறங்கிகினு கீற. நானும் ஒரு நாள் வந்து பெருமாள சேவிக்க வேணாமா? கடைய ஹேமு பாத்துக்குவான்."

தோசை தின்றுகொண்டிருந்த ஹேமநாத் நிமிரவே இல்லை. அவனுக்குக் கேளம்பாக்கத்தில் ஐ.டி. கம்பெனி வேலை, சனி ஞாயிறு லீவு. அம்மாவின் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். தெரிந்துவைத்திருந்த பாவத்துக்கு அந்த நேரத்தில் சட்டினியை மட்டும் பார்த்தான்.

பத்து மணிக்குப் பரீட்சை. வெண்ணிலா கடிகாரத்தைப் பார்த்தாள்.

இந்தக் குடும்பத்தோடு முதல் வாரத்திலிருந்து பழகியவர்களுக்கு விஷயம் தெரியும். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை திருநீர்மலைக்கு என்று செம்பாக்கம் வீட்டிலிருந்து கிளம்பும் வெண்ணிலா, மலை வரைக்கும் போவதே இல்லை. வழியில் குரோம்பேட்டையில் இறங்கிவிடுவாள். அங்கே ஒரு கல்லூரியில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஞாயிறு வகுப்பு நடக்கிறது. அவள் பி.ஏ. வரலாறு, முதலாண்டு மாணவி. வயது நாற்பத்தெட்டு.

இந்தக் கூத்தை ஆரம்பித்துவைத்த புண்ணியவான் லோகுவேதான்.

ஏரிக்குக் கீழே நெல் விளைந்த குடும்பம் அவருடையது. நெல் போய் மனையானது, மனை போய் வாடகை வீடானது, மிச்சத்தில் ராஜகீழ்ப்பாக்கத்தில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை வந்தது. காசு பணத்துக்குக் குறைவில்லை. ஹேமநாத்துக்குக் குரோம்பேட்டையில் பெண் அமைந்தபோதுதான் மனிதருக்குத் திடீரென்று குறை தெரிந்தது. பெண்ணின் அம்மா ஷர்மிளா கல்லூரியில் காமர்ஸ் பேராசிரியை. இங்கே பையனின் அம்மா பிளஸ் டூ. அதுவும் ரிசல்ட் வந்த மறு மாதமே கழுத்தில் தாலி வாங்கிக்கொண்டவள்.

ஜாதகத்தோடு கொடுக்கிற பயோடேட்டாவில் லோகு தன் பாட்டுக்கு 'தாய்: வெண்ணிலா, பி.ஏ.' என்று அடித்துக் கொடுத்துவிட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் ஷர்மிளா சிரித்த முகமாக, "நீங்க என்ன மேஜர்?" என்று கேட்டாள். வெண்ணிலா வாயைத் திறப்பதற்குள் லோகு முந்திக்கொண்டார்.

"ஹிஸ்டரிங்க. கரெஸ்பாண்டன்ஸ்ல படிச்சா."

பெண்ணுக்குக் குருபலன் வர ஒரு வருஷம் ஆகும், அதுவரை நிச்சயத்தைத் தள்ளிவைக்கலாம் என்று ஜோசியர் சொன்னதும் அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுனா காலேஜ்ல என்னைச் சேத்து விடுடா" என்றாள். எந்தப் பாடம் என்று அவன் கேட்டதற்கு, "ஹிஸ்டரியே போடு. உங்கப்பா அதத்தான சொல்லி வெச்சிருக்காரு" என்றாள்.

பொய்யை எப்படியாவது உண்மையாக்கிவிட வேண்டும். அதற்காகத்தான் படிக்கப் போனாள். புருஷனிடம் சொல்லியிருந்தால் நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகும். அதனால் பெருமாள் மேல் பாரத்தைப் போட்டு, மலைக்கு வேண்டுதல் என்றாள். வகுப்பு முடிந்து வரும்போது குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசலில் துளசி வாங்கி வருவாள். லோகு அதைக் கண்ணில் ஒற்றி வாயில் கொஞ்சம் போட்டுக்கொண்டு, மீதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். இவள் மலை ஏறி ஏறித்தான் பையனுக்கு இவ்வளவு நல்ல சம்பந்தம் கூடிவந்தது என்று கடைக்கு வருகிற மேஸ்திரிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் வெண்ணிலாவுக்கு உடம்பு கூசும்.

சரி, இன்றைய காலைக்கு வருவோம். பரீட்சை சனிக்கிழமையில் விழுந்ததால், இந்த வாரம் புரட்டாசி சனிக்கு மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவைத்திருந்தாள்.

"உங்க முட்டி தாங்குமாங்க? அத்தினி படி" என்றாள் வெண்ணிலா.

லோகு தன் முட்டியைக் குனிந்து பார்த்தார். போன மாதம் கடையில் பெயிண்ட் டப்பா இறக்கப் போய் பிசகிக்கொண்ட முட்டி அது.

"ஆமாம்பா, புரட்டாசி கூட்டம் வேற" என்று ஹேமநாத் அப்போதுதான் வாயைத் திறந்தான். "லைன்லயே ரெண்டு மூணு மணி நேரம் நிக்கணும்."

லோகு முட்டியைத் தடவிக்கொண்டார். "சரி, நீயே போய்ட்டு வா. ஹேமு பேர்ல அர்ச்சனை பண்ணிடு. நிச்சயதார்த்தம் நல்லபடியா நடக்கணும்னு வேண்டிக்க. நீ துளசி கொண்டாந்த பொறவுதான் நான் சாப்புடுவேன்."

சொன்னதோடு விட்டாரா? தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் ஒரு மஞ்சள் துணிப்பையில் போட்டுத் தன் கையாலேயே அவளிடம் கொடுத்தார். வெண்ணிலா அர்ச்சனைப் பையைத் தூக்கிக்கொண்டு பரீட்சைக்குப் போனாள்.

பரீட்சை ஹால் வாசலில் பைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். வேலைக்குப் போகிற பையன்களின் முதுகுப் பைகள், ஒன்றிரண்டு ஹெல்மெட், நடுவில் மஞ்சள் பையில் ஒரு தேங்காய். அதைப் பார்த்து ஒரு பையன், "ஆன்ட்டி, பேப்பர் அவ்ளோ கஷ்டமா?" என்று கேட்டான். வெண்ணிலாவுக்கும் சிரிப்பு வந்தது. உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

கேள்வித்தாளைப் பிரித்தாள். மூன்றாவது கேள்வியிலேயே கண் நின்றது. 'சோழர் கால ஊர்ச் சபையில் ஏரி வாரியத்தின் பணிகளை விளக்குக.'

இந்தப் பாடம்தான் அவளைப் படாத பாடு படுத்திய பாடம். ஏரியைப் பார்த்துக்கொள்ளவே அந்தக் காலத்தில் ஊர் கூடி ஆள் தேர்ந்தெடுத்திருக்கிறது, தூர் வாரியிருக்கிறது, மதகைப் பழுது பார்த்திருக்கிறது. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து செம்பாக்கம் ஏரி அவள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறது. இந்த மதகை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு நாளும் அவள் கேட்டதில்லை. பாடம் படித்த மறுநாள் ஏரிக்கரைக்குப் போய் நின்று, அங்கே வந்த ஒரு கட்சிக்காரரிடம் கேட்டும் பார்த்தாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா, மனை எதுனா விக்கணுமா?" என்றார்.

படித்தால் தெளிவு வரும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். வெண்ணிலாவுக்கு வந்தது குழப்பம். முன்பெல்லாம் எதையும் சந்தேகப்படாமல் நிம்மதியாக இருந்தாள். இப்போது பஸ்ஸில் போனால் ஊர்ப் பெயர் ஒவ்வொன்றும் ஏன் என்று கேட்கிறது. வாடகை வீட்டுக்காரி தண்ணீர் வரவில்லை என்று வந்து நின்றால், மோட்டாரைப் போடுவதற்கு முன் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மனசு எங்கேயோ ஓடுகிறது. பொய்யைச் சரிக்கட்டத்தானே படிக்க வந்தோம், இது எதற்கு இப்படி இனிக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

எழுத ஆரம்பித்தாள். எழுத எழுதக் கை தானாக ஓடியது.

"ஹால் டிக்கெட்" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

எங்கேயோ கேட்ட குரல். வெண்ணிலா நிமிர்ந்தாள். கழுத்தில் கண்காணிப்பாளர் அட்டையோடு, பச்சைக் கரை போட்ட காட்டன் புடவையில் சம்பந்தி ஷர்மிளா நின்றிருந்தாள்.

ஷர்மிளா வேலை பார்ப்பது மேடவாக்கம் பக்கத்தில் வேறு ஒரு கல்லூரியில். திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பரீட்சை என்றால் வெளியிலிருந்தும் கண்காணிப்பாளர்களைக் கூப்பிடுவார்கள் என்பது வெண்ணிலாவுக்கு எப்படித் தெரியும்?

ஷர்மிளா ஹால் டிக்கெட்டில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் போட்டோவைப் பார்த்தாள். பி.ஏ. வரலாறு, முதலாண்டு என்று அதில் இருந்ததைப் படிக்க அவளுக்குக் கண்ணாடி தேவைப்பட்டிருக்காது. பேனா ஒரு கணம் காகிதத்தின் மேல் நின்றது. பிறகு விடைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்தது என்று வெண்ணிலா நினைத்தாள். ஊரைக் கூட்டித் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒன்றும் சொல்லாமல் போனால் என்ன அர்த்தம்? நிச்சயதார்த்தம் ஐப்பசியில். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அந்தப் பெண் தேவதர்ஷினி இப்போதே அவளை வாய் நிறைய அத்தை என்று கூப்பிடுகிறாள். ஹேமு அவளோடு பேசும்போது அவன் முகத்தில் வருகிற சிரிப்பை வெண்ணிலா பார்த்திருக்கிறாள். தன்னால், தன் பரீட்சையால், அது போய்விடுமோ?

எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. போனால் மட்டும் என்ன, பார்த்தது பார்த்ததுதான். கையில் பேனா இருந்தது. ஏரி வாரியம் பாதியில் நின்றது. வெண்ணிலா குனிந்து விட்ட இடத்திலிருந்து எழுதினாள்.

வந்தது அடுத்த சோதனை. விடைத்தாளின் பக்கங்கள் தீர்ந்துவிட்டன. சொல்ல இன்னும் இருக்கிறது. கூடுதல் தாள் வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் வரப்போவது ஷர்மிளா. இதுவரை எழுதியது போதும், பாஸ் மார்க் வந்துவிடும் என்று ஒரு மனம் சொன்னது. மதகைப் பற்றி இன்னும் எழுதவில்லையே என்று இன்னொரு மனம் முரண்டு பிடித்தது.

வெண்ணிலா கையைத் தூக்கினாள்.

ஷர்மிளா தாளையும் ஒரு துண்டு நூலையும் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள். "நல்லா இறுக்கிக் கட்டிடுங்க. கழண்டுடும்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

இது சம்பந்தி பேசிய பேச்சா, எல்லாப் பிள்ளைகளுக்கும் டீச்சர் சொல்கிற பேச்சா? அந்த நூலைக் கட்டி முடிக்கும் வரை யோசித்தும் வெண்ணிலாவுக்கு விளங்கவில்லை.

மணி அடித்தது. தாளை நீட்டும்போது சம்பந்தி என்று கை கூப்புவதா, மேடம் என்று தேங்க்ஸ் சொல்வதா என்று தெரியாமல் இரண்டையும் பாதிப் பாதி செய்துவிட்டு வெளியே பாய்ந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்த முதல் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். தாம்பரத்தில் இறங்கும்போதுதான் கை வீசிக்கொண்டு வந்திருப்பது உறைத்தது. தேங்காய்ப் பை ஹால் வாசலில். துளசியும் வாங்கவில்லை. திரும்பிப் போக அவளுக்குத் தைரியம் இல்லை.

வீட்டில் லோகு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா இவ்ளோ நேரம்? பசி காதை அடைக்குது. துளசி எங்க?"

"கூட்டங்க. வாங்க முடியல."

"பை?"

"அது... கூட்டத்துல எங்கயோ விட்டுட்டேன்."

"தேங்காப் பையையா? அர்ச்சனை பண்ணியா இல்லியா?"

வெண்ணிலா முகம் கழுவப் போனாள். லோகுவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சரி வுடு. கூட்டத்துல நீ பத்திரமா வந்ததே பெரிசு. போன வாரத்துது பாக்கெட்ல கீது. அதப் போட்டுகினு சாப்புடறேன்" என்றார். சட்டைப் பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் கவரை எடுத்து, காய்ந்துபோன துளசியை உள்ளங்கையில் கொட்டினார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதுதான் லோகுவுக்குக் கடையில் பழகிய பழக்கம்.

"சொல்லுங்க சம்பந்தி."

"வணக்கம் சார். வெண்ணிலா வீட்டுக்கு வந்துட்டாங்களா? அவங்க பை எங்கிட்ட இருக்கு. விட்டுட்டுப் போயிட்டாங்க."

வெண்ணிலா துண்டும் கையுமாக அப்படியே நின்றாள்.

லோகுவின் முகம் மலர்ந்தது. "அட, நீங்களும் மலைக்கு வந்துகினு இருந்தீங்களா? இவ சொல்லவே இல்லியே."

மறுமுனையில் சத்தமில்லை. அவ்வளவு நேரமும் புரியாத ஏதோ ஒன்று ஷர்மிளாவுக்கு அந்த இடைவெளியில் புரிந்திருக்க வேண்டும்.

"ஆமா சார்" என்றது போன். "மலையிலதான் பார்த்தேன். நல்ல கூட்டம்."

இவள் ஏன் எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று வெண்ணிலா திகைத்தாள். காப்பாற்றுகிறாளா, கையில் பிடித்து வைத்துக்கொள்கிறாளா? இனி நிச்சயத்தில், கல்யாணத்தில், பேரன் பேத்தி எடுக்கும்போதெல்லாம் இந்தப் பொய் இவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்குமே. ஏற்கெனவே ஒரு பொய்யை உண்மையாக்கத்தான் இத்தனை பாடு. அதன் மேல் இன்னொன்றை ஏற்றினால் அவளால் தாங்க முடியாது.

"மலையில இல்லீங்க" என்றாள் வெண்ணிலா.

லோகு திரும்பிப் பார்த்தார்.

"நான் மலைக்குப் போவல. குரோம்பேட்டைல பரீட்சை எழுதப் போனேன். பி.ஏ. மொத வருசம். அங்க இவங்கதான் சூப்பர்வைசர்." அவள் போனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். புருஷன் முகத்தைப் பார்த்தால் வார்த்தை வராது என்று தெரியும். "நான் டிகிரி முடிக்கலீங்க சம்பந்தி. பயோடேட்டால போட்டது பொய்யி. நீங்க எங்களுக்காக இன்னொரு பொய் சொல்ல வேணாம்."

ஷர்மிளா போனைத் துண்டித்துவிட்டாளோ என்று வெண்ணிலா பயந்தாள்.

"இத்தனை வருஷமா ஹால்ல பிட் பிடிச்சவ நான்" என்றாள் ஷர்மிளா. குரலில் கோபமா, சிரிப்பா, களைப்பா என்று பிரித்தறிய முடியவில்லை. "இன்னைக்கு நானே ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியலை வெண்ணிலா. நாளைக்குப் பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வர்றேன். சார் வீட்டுல இருக்கட்டும். அந்த பி.ஏ.வைப் போட்டது யாருன்னு அப்போ கேக்கறேன். தர்ஷினிகிட்டயும் அவ அப்பாகிட்டயும் இன்னும் நான் எதுவும் சொல்லலை. சொல்றதா வேண்டாமான்னு நாளைக்கு உங்க வீட்டுல இருந்து திரும்பும்போது முடிவு பண்றேன்."

போன் அணைந்தது.

லோகு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கத்துவார், எகிறுவார், எவ்வளவு நாளாக என்று கேட்பார் என்று வெண்ணிலா எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். பொய்யை ஆரம்பித்தது நீங்கள்தானே என்று திருப்பிக் கேட்கவும் வார்த்தைகளை எடுத்து வைத்திருந்தாள். அவர் எதுவுமே கேட்கவில்லை. வேலை தெரியாத கடைப்பையனைப் போல முழித்தார்.

கடைசியில் உள்ளங்கையை அவள் பக்கம் நீட்டினார். காய்ந்த துளசி அதில் அப்படியே இருந்தது.

"அப்ப இது?"

"குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசல்ல வாங்குனது."

"எல்லா வாரமுமா?"

"எல்லா வாரமும்."

லோகு துளசியைப் பார்த்தார். கடையில் கல்லாவைத் திறக்கும் முன் தினமும் கண்ணில் ஒற்றிக்கொண்ட துளசி. முட்டி பிசகியபோது இதையே அரைத்துப் பற்றுப் போடலாமா என்று கேட்டவர் அவர். வெண்ணிலாவுக்கு அது இப்போது ஞாபகம் வந்தது.

அவர் அதைக் குப்பையில் போடவில்லை. சாமி அலமாரியிலும் வைக்கவில்லை. வழக்கம்போலக் கண்ணில் ஒற்றி, வாயில் போட்டு, மெதுவாக மென்றார்.

"சாப்பாடு போடு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வெண்ணிலா இலையை எடுத்துப் போட்டாள். மன்னித்துவிட்டாரா, இனிமேல் பேசவே மாட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. சாதம் வைக்கும்போது இரண்டு பருக்கை இலைக்கு வெளியே விழுந்தது. லோகு அதைப் பொறுக்கி இலையில் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.